பல்லிடையே மாட்டிய பரிசல்

சென்ற மாதம் தருமபுரியில் எங்கள் புதிர் வட்டத்தில் கொடுத்த குறுக்கெழுத்து பலரைத் திணற வைத்துவிட்டது. விடைகளில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணைச் சேர்ந்தவை. அப்படியிருந்தும் கட்டங்களை முழுதாக நிரப்பியவர்கள் மிகச் சிலர். புதிரை அமைத்தவர் வேறொருவர். நான் மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டித் தீர்த்தவன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. குறிப்பின் இறுதியில் உள்ள எண், விடையின் எழுத்துகளைக் குறிக்கும்.

பென்னாகரம், பள்ளி ஆசிரியை: ஐயா, "சரி திரும்பிப் பல்லிடையே மாட்டினால் ஒகேனக்கலில் மிதக்கும் (4)". விடை பரிசல் என்கிறார்கள். ஒகேனக்கலுக்குப் பக்கத்தில் இருந்தும் எனக்குப் பிடிபடவில்லையே?

இதுபோன்ற குறிப்பில் ஏதாவது ஒரு முனையில் விடையின் நேரடிப் பொருள் இருக்கும். மீதி, விடையைக் கட்டும் செய்முறை. இங்கே "ஒகேனக்கலில் மிதக்கும்" என்பது நேரடிப் பொருள். "சரி" என்ற சொல்லின் எழுத்துகளைத் திருப்பினால் "ரிச". அதைப் "பல்" என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வையுங்கள்: ப, ரிச, ல். படிப்பவர் மனம் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுகிறது, அம்மா. நீங்களும் அங்கேதான் போயிருப்பீர்கள். ஒரு சொல்கூட வீணாகாத குறிப்பு. இந்தப் புதிரில் நான் மிகவும் ரசித்தது இதைத்தான்.

தருமபுரி, வங்கி ஊழியர்: "தட்டையான உலோகத்தோடு ஊர் சேர்ந்தால் அதியமான் ஆண்டது (4)". தகடூர் என்று எழுதிவிட்டேன். ஆனால் தகடு மூன்று எழுத்து, ஊர் இரண்டு எழுத்து. ஐந்து எப்படி நான்காகும்?

ஆங்கிலப் புதிரில் இரண்டு சொற்களைச் சேர்த்தால் எழுத்துகள் அப்படியே பக்கத்தில் உட்காரும். தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று புணரும். "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்" என்று நன்னூலில் படித்திருப்பீர்கள். தகடு என்பதில் உள்ள உகரம் ஓடிப்போக, மிஞ்சிய ட் என்ற மெய்யில் ஊர் ஏறி உட்கார்ந்து தகடூர் ஆகிறது. ஆகவே கணக்கு சரி. அமைத்தவர் "சேர்ந்தால்" என்பதற்குப் பதில் "புணர்ந்தால்" என்று எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. அந்த ஒரு சொல்லில் அவர் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டிவிட்டார்.

புணர்ச்சியைப் புதிரில் அனுமதிக்கலாமா என்று எங்களுக்குள் நீண்ட வாதம் உண்டு. அனுமதிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இதே விதியால் பரிசலுக்கும் இன்னொரு வழி பிறப்பதைப் பாருங்கள்: "பரிசு" என்பதோடு இரவு என்று பொருள்படும் "அல்" சேர்ந்தாலும் பரிசல்தான். நம் மொழி இலவசமாகத் தரும் இந்த வசதியை ஏன் விட வேண்டும்? ஆனால் இலக்கணம் இடம் தராத இடத்தில் உயிரையும் மெய்யையும் தன் வசதிக்கு வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: "சொர்க்கத்துக்கு எதிரிடம் கலைந்தால் பட்டணம் (4)". விடை நகரம் என்று தெரிந்தபோது கோபம்தான் வந்தது, ஐயா.

கோபம் நியாயமானது, தம்பி. முதலில் நரகம் என்று ஊகிக்க வேண்டும். பிறகு குறிப்பிலேயே இல்லாத அந்தச் சொல்லைக் கலைத்து நகரம் ஆக்க வேண்டும். கலைக்க வேண்டிய எழுத்துகள் தீர்ப்பவர் கண்முன் இருக்க வேண்டும் என்பது பழைய நெறி. இங்கிலாந்தில் ஜிமெனீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டி. எஸ். மக்நட், 1966இல் இந்த நெறிகளை விளக்கி ஒரு நூலே எழுதினார்.

அமைத்தவரின் சங்கடமும் எனக்குப் புரிகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், சொற்கள் நீளமானவை, கலைத்தால் கண்டுபிடிக்க நேரமாகும். தமிழில் 247 எழுத்துகள் இருப்பதால் ஒரு சொல் மூன்று நான்கு கட்டங்களில் முடிந்துவிடுகிறது. "நரகம் கலைந்தால் பட்டணம்" என்று எழுதினால் ஒரு நொடியில் விடை வந்துவிடும். அதற்குப் பயந்து மூலச்சொல்லையே மறைத்துவிட்டார். கடினம் வேண்டுமென்றால் அதை வேறு இடத்தில் தேடியிருக்க வேண்டும்.

காவேரிப்பட்டினம், மாங்கூழ் ஆலைக் கணக்கர்: "அரசவை வாயிலில் துறவி திரும்ப, பின்னால் புள்ளி விலங்கு வர, நெல்லி தந்தவன் (5)". அதியமான் சரி. நடுவில் இருக்கும் "யதி" யாருக்குத் தெரியும்?

இராமானுசரை யதிராசர் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். யதி என்றால் துறவி. அரசவையின் முதல் எழுத்து அ, திரும்பிய யதி, பிறகு மான். அரிய சொல்லை வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, மற்ற வழிகள் திறந்திருந்தால். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் யார் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். விடையை முதலில் எழுதிவிட்டுச் செய்முறையைப் பின்னாலிருந்து சரிபார்ப்பதும் முறையான வழியே.

அரூர், மருந்துக்கடைக்காரர்: "நீரை நிறுத்துவது, நெருப்பை நிறுத்து, நெஞ்சோடு சேர் (2)". கடைசி வரை வரவில்லை.

அணை. செய்முறையே கிடையாது, மூன்றும் நேரடிப் பொருள்.

ஊத்தங்கரை, கல்லூரி மாணவி: ஐயா, இது ஆங்கில விளையாட்டுதானே? தமிழில் வலிந்து செய்கிறோமோ?

கட்டம் அங்கிருந்து வந்தது, உண்மை. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்டதுதான் தொடக்கம். அது வெறும் பொருள் கேட்கும் புதிர். மறைத்துச் சொல்லும் குறிப்புகள் பிறகு இங்கிலாந்தில் வளர்ந்தன. ஆனால் சொல்லைப் பிரித்தும் குறுக்கியும் விளையாடுவது நமக்குப் புதிதா, அம்மா? காளமேகப் புலவரின் சிலேடையை நினைத்துப் பாருங்கள். எழுத்துகளை வைத்து விளையாடும் சித்திரகவியில் மாத்திரைச் சுருக்கம் என்றே ஒரு வகை உண்டு: நெட்டெழுத்தைக் குறிலாக்கினால் வேறொரு சொல் கிடைக்கும். இந்தப் புதிரிலேயே அது இருக்கிறது. "பொழுது குறுகியதும் தீர்த்தத்தின் பின் நிற்கும் (2)". பொழுது என்றால் மாலை. மா குறுகி ம ஆனால் மலை. அரூர்ப் பக்கம் தீர்த்தமலை. ஆங்கிலத்தில் இதற்கு நேரான வகை கிடையாது. தமிழ் எழுத்தின் அமைப்பிலிருந்தே பிறந்த குறிப்பு இது. இதைத் தீர்த்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை உங்களுக்கும் தர ஆசைப்படுகிறேன்.

பாலக்கோடு, தக்காளி வியாபாரி: எனக்கு ஒன்றுகூட வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒளிந்திருக்கும் சொற்களைத் தேடுங்கள். "தயாராகியிருப்பதன் உள்ளே களிக்கு வேண்டியது (2)". தயாராகி என்பதற்குள்ளேயே ராகி கிடக்கிறது. "உள்ளே", "இடையே", "கொஞ்சம்" என்ற சொற்களைக் கண்டால் பென்சிலை எடுத்து எழுத்துகளைத் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். அது பழகியபின் சொற்களைச் சேர்க்கும் குறிப்புகளுக்கு வரலாம். உங்களுக்காகவே ஒன்று அமைத்திருக்கிறேன்: "காப்பாற்று! பரப்பு! ஒகேனக்கலில் விழுகிறவள் (3)". விடையை அடுத்த கூட்டத்தில் நேரில் வந்து சொல்லுங்கள்.