சட்டம் கேளுங்கள்: கைதுக்கான காரணம் எழுத்தில் வேண்டும்

கேள்வி: என் தம்பியை அடிதடி வழக்கில் கைது செய்தபோது, பிரிவு எண்கள் மட்டும் நிரப்பிய ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். காரணம் சொல்லியாகிவிட்டது என்கிறார் ஆய்வாளர். இது போதுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போதாது. கைதாகிறவருக்கு அதற்கான காரணத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22(1). எப்படித் தெரிவிப்பது என்று அதில் இல்லாததால், வாயால் சொன்னோம் என்று காவல் துறை சொல்வதே பல காலம் எடுபட்டது. 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சால் வழக்கில், அமலாக்கத் துறை காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டக் கைதுகளுக்கும் அதையே விதித்தது. 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாக்கியது: எழுத்தில் தர வேண்டும், அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில். உடனே எழுதித்தர முடியாத சூழல் என்றால் முதலில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்கும் உத்தரவுக்காக, குற்றவியல் நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாக எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.

‘சாட்சியைக் கலைப்பார்’, ‘தலைமறைவாவார்’ போன்ற வரிகள் யாரைக் கைது செய்தாலும் பொருந்தும். அவை காரணம் ஆகா என்று புர்காயஸ்தா தீர்ப்பு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. உங்கள் தம்பி எந்த நாளில், எங்கே, என்ன செய்ததாகச் சொல்கிறார்கள் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். அது தெரியாமல் ரிமாண்டை எதிர்த்து வழக்கறிஞர் எதை வாதாடுவார்?

இதை எழுப்பச் சரியான இடம் முதல் ரிமாண்டுதான். ‘எழுத்தில் காரணம் தரவில்லை’ என்று தம்பியே நடுவரிடம் சொல்லலாம். அதை ரிமாண்ட் உத்தரவில் பதிவு செய்யும்படி வழக்கறிஞர் மனுவாகவும் கொடுக்கட்டும். கையெழுத்து கேட்டால், போடும் இடத்திலேயே தேதியையும் நேரத்தையும் தன் கையால் எழுதி, நகல் தராவிட்டால் ‘நகல் தரப்படவில்லை’ என்றும் குறிக்க வேண்டும். முதல் ரிமாண்டில் விட்டுப்போனாலும் கதவு மூடிவிடாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது என்பதால் சட்டவிரோதக் கைது சரியாகிவிடாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. காரணம் தெரிவித்ததை நிரூபிக்கும் பொறுப்பும் காவல் துறையுடையதுதான். 2025 நவம்பருக்கு முந்தைய கைது என்றால், எழுத்தில் இல்லாததால் என்ன பாதிப்பு ஏற்பட்டது என்று நீதிமன்றம் கேட்கக்கூடும். அதற்குத் தயாராகப் போங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: கைது செல்லாது என்றால் விடுதலை கிடைக்கும், வழக்கு முடிந்துவிடாது. முறைப்படி காரணம் தந்து மறுபடியும் கைது செய்யவும் முடியும்.

கேள்வி: முந்தின நாள் மாலையே அழைத்துப் போய்விட்டு, மறுநாள் காலைதான் கைது செய்ததாகக் குறிப்பாணையில் எழுதியிருக்கிறார்கள். 24 மணி நேரம் எதிலிருந்து?
– வாசகர், விழுப்புரம்

பதில்: கைதானவரை நடுவர் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கெடு, விருப்பப்படி எழுந்து போக முடியாமல் நிறுத்தி வைத்த நேரத்திலிருந்துதான். பயண நேரம் மட்டும் கழியும். விடுமுறை நாள், நடுவர் ஊரில் இல்லை என்பதெல்லாம் சாக்கு ஆகாது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 58ஆவது பிரிவின்படி, அதிகார வரம்பு இல்லாத நடுவர் முன்புகூட நிறுத்தலாம். சிக்கல் நிரூபிப்பதில்தான் வருகிறது. அழைத்துப் போன உடனேயே காவல் கண்காணிப்பாளருக்கு நேரத்தைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிலையத்தின் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கக் கோரி நடுவரிடம் உடனே மனு கொடுங்கள். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவு இருக்கிறது. ஆனாலும், தாமதித்துக் கேட்டவர்களுக்குக் கருவி பழுது என்ற பதில் வருவது வழக்கம்.

கேள்வி: 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் தானாக ஜாமீன் கிடைக்குமா?
– வாசகர், தேனி

பதில்: தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டும் அதற்கு மேலும் சிறை என்ற குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60. ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும். கெடு முடிந்த மறுநாள் காலை நீதிமன்றம் திறந்ததும் மனு போடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற எம்.ரவீந்திரன் வழக்கில் (2020) காலையில் ஜாமீன் மனு, அதே நாள் மாலையில் அரசுத் தரப்பின் புகார் மனு (குற்றப்பத்திரிகைக்கு இணையானது). காலையில் கேட்டுவிட்டதால் உரிமை நிலைத்தது. குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் இந்த உரிமை போய்விடும்.

கேள்வி: குண்டர் சட்டத்தில் அடைத்தாலும் இவை பொருந்துமா?
– வாசகி, மதுரை

பதில்: 24 மணி நேர விதி பொருந்தாது, தடுப்புக் காவலை (குற்றம் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே அடைப்பதை) அரசமைப்புச் சட்டத்தின் 22(3) விலக்கி வைக்கிறது. ஆனால் காரணங்களைத் தெரிவித்து, அரசிடம் முறையிட வாய்ப்பும் தர வேண்டும் என்ற 22(5) இருக்கிறது. குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாடு சட்டப்படி, காரணங்களை 5 நாளுக்குள் தர வேண்டும். காவல் அதிகபட்சம் 12 மாதம். ஆவணத் தொகுப்பு வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்: படிக்க முடியாத நகல், தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாத ஆங்கிலப் பக்கம், இரண்டுமே ஆட்கொணர்வு மனுவில் வலுவான வாதங்கள். ஏற்கெனவே சிறையில் இருப்பவர் என்றால், அவர் ஜாமீனில் வெளியே வரும் வாய்ப்பு உண்மையில் இருந்ததா, இதே போன்ற வழக்கில் ஜாமீன் கிடைத்த விவரம் உத்தரவில் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த விவரம் இல்லாததால்தான் ரேகா வழக்கில் (2011) உத்தரவு ரத்தானது. முறையீட்டு மனுவைத் தாமதமில்லாமல் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அரசு அதைப் பரிசீலிக்க விளக்கமில்லாமல் காலம் கடத்தினால் அதுவே உத்தரவு ரத்தாகப் போதுமான காரணம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி கேட்கலாம்.