பின் எக்சல் மாற்றிய பட்டறை கைவிரித்தால்

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறையில் வசிக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் ஃபோர்வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும்) ஹைலக்ஸ் வண்டியின் பின் எக்சல் வளைந்துவிட்டது. பட்டறையே ஹாஃப்-கட் எக்சல் (வெட்டிப் பிரித்த பழைய வண்டியின் எக்சல்) வாங்கி மாட்டி 3,800 ரிங்கிட் வாங்கியது. இப்போது ஃபோர்வீலில் போட்டால் வண்டி இறுகி, அடியில் 'டக்'கென்று அடிக்கிறது. "பழைய சாமானுக்கு வாரண்டி இல்லை, பில்லிலேயே இருக்கிறது" என்கிறார் முதலாளி. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் எக்சலை வேறு பட்டறையில் கழற்றிவிடாதீர்கள். அது வண்டியில் இருக்கும் வரைதான் உங்களுக்குச் சாட்சி.

முன், பின் டிஃப்ரன்ஷியல்களின் (எக்சல் நடுவே சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) பல் விகிதம் வேறாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். 3.9, 4.1 இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்கும், எக்சலைப் பிடிக்கும் யூ-போல்ட்டும் பொருந்தும். ஃபோர்வீலில் போட்டதும் முன்னும் பின்னும் மல்லுக்கட்டி, இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடும். அதனால் இனி ஃபோர்வீலைத் தொடாதீர்கள். காய்ந்த தார் ரோட்டில் திரும்பும்போது இறுகுவது இவ்வகை வண்டிக்கு இயல்பு. பட்டறை முதலில் இதைத்தான் சொல்லும். ஆகவே விகிதத்தை எண்ணிக் காட்டுங்கள்.

இதை ஒரு ஃபோர்மனை (மெக்கானிக்கை) வைத்தே செய்யுங்கள். டூவீல், கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவித்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றும்போது, எக்சலுக்கு வரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் 39 சுற்று வந்தால் 3.9, 41 வந்தால் 4.1. ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதால்தான் 10க்குப் பதில் 20 சுற்று. எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் தனியே சுழல்வதைத் தடுக்கும் டிஃப்ரன்ஷியல்) இருந்தால் இந்தக் கணக்கு சரிவராது. வண்டித் தகட்டின் எக்சல் குறியீட்டைக் கொண்டு தொழிற்சாலை விகிதத்தைத் தெரிந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் காணொளி எடுத்து, ஃபோர்மனிடம் கையெழுத்திட்ட அறிக்கையும் வாங்குங்கள்.

பில்லில் உள்ள வரிக்குப் பயப்படாதீர்கள். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, சட்டம் தந்த உரிமையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. 53, 54ஆம் பிரிவுகள் வேலையில் தகுந்த திறமையும், சொன்ன நோக்கத்துக்கு ஏற்ற பலனும் வேண்டும் என்கின்றன. பழைய சாமான் என்றால் புதுசு போல எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் தேய்மானம் வேறு, பொருந்தாத விகிதம் வேறு.

பட்டறைக்குச் சரிசெய்ய முதலில் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். குறையை விளக்கி, 14 நாள் தவணை வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். வண்டியைத் திரும்ப விடும்போது "கூடுதல் கட்டணம் இல்லை" என்று எழுதி வாங்குவது மிக முக்கியம். ஏனென்றால், கூலி பாக்கி என்று சொல்லி வண்டியைப் பிடித்து வைக்கப் பட்டறைக்கு உரிமை உண்டு.

அசையவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் படிவம் 1 தாக்கல் செய்யுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். 3 ஆண்டுக்குள் போட வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை, நீங்களே பேச வேண்டும். எதிர்மனுதாரராக, பெயர்ப்பலகையில் உள்ள பெயரைப் போடாமல், எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையத்தில்) பதிவான பெயரையும் எண்ணையும் போடுங்கள். எக்சல் விலை, கூலி, டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுது மூன்றையும் தனித்தனித் தொகையாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பில்லோ விலைப்பட்டியலோ இணையுங்கள்.