வாசகர் கேள்வி – பதில்: வீட்டு பீரில் பச்சை ஆப்பிள் வாசனை ஏன்?

கேள்வி: கடையில் கிடைக்கும் 1.7 கிலோ மால்ட் டின் ஒன்றை வாங்கி, ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை சேர்த்து, 23 லிட்டர் வரை தண்ணீர் நிரப்பிச் சமையலறை மூலையில் வைத்தேன். ஐந்தாம் நாள் குமிழி நின்றுவிட்டதால் பாட்டில்களில் அடைத்தேன். பீர் தண்ணீராக இருக்கிறது. பச்சை ஆப்பிள் வாசனை வருகிறது. தொண்டையில் எரிச்சலும் தெரிகிறது. இன்னும் விலை கூடிய டின் வாங்கினால் சரியாகுமா? — மெல்பர்ன் வாசகர்

பதில்: ஆகாது. உங்கள் டின்னில் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை வடிப்பது, அதைக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைப்பது, பிறகு நீரை வற்றச்செய்வது என்று கடினமான வேலைகளையெல்லாம் ஆலையிலேயே முடித்து, கெட்டியான டிகாக்‌ஷனைப் போல அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் நடப்பது நொதித்தல் மட்டுமே. ஆகவே டின்னுக்குக் கூடுதலாகச் செலவிட நினைக்கும் பணத்தை, ஈஸ்ட் வேலைசெய்யும் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைப்பதற்குச் செலவிடுங்கள்.

ஏல் என்னும் பீர் வகைக்கான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் நல்லது. டின்னோடு வரும் குறிப்புகள் பலவும் 25 டிகிரிக்கு மேலும் இடம் கொடுக்கின்றன. எப்படியாவது விரைவில் நொதித்து முடிந்தால் போதும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை அவை என்பது என் கருத்து. நொதிக்கும்போது ஈஸ்ட் தானே வெப்பத்தை உண்டாக்குவதால், அறை 24 டிகிரியில் இருந்தால் வாளிக்குள் இருக்கும் திரவம் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் கடுமையான உயர் ஆல்கஹால்களை உருவாக்குகிறது. தொண்டை எரிச்சலுக்குப் பெரும்பாலும் அவையே காரணம். இந்தச் சேதம் முதல் மூன்று நாட்களுக்குள் நிகழ்ந்துவிடும் என்பதால், பிற்பாடு குளிர்வித்துப் பயனில்லை. வாளியின் வெளிப்புறத்தில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை ஒன்றை ஒட்டிவிட்டு, அகலமான தொட்டியில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, அதில் வாளியை நிறுத்துங்கள். தண்ணீர் நிரப்பி உறையவைத்த பிளாஸ்டிக் பாட்டில் இரண்டைக் காலையிலும் மாலையிலும் மாற்றி மாற்றிப் போட்டுவந்தால் மெல்பர்ன் கோடையையும் ஓரளவு சமாளிக்கலாம். பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் அதை இயக்கி நிறுத்தும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியும் கிடைத்தால் கவலையே இல்லை.

ஆப்பிள் வாசனைக்குக் காரணம் வேறு. சர்க்கரை ஆல்கஹாலாக மாறும் வழியில் அசிட்டால்டிஹைடு என்னும் பொருள் உண்டாகிறது. நேரம் கொடுத்தால் ஈஸ்ட் அதையும் மாற்றி முடித்துவிடும். நீங்கள் ஐந்தாம் நாளே பாட்டிலில் அடைத்ததால் அது அப்படியே தங்கிவிட்டது. குமிழி நின்றதை வைத்து நொதித்தல் முடிந்ததாக முடிவுசெய்ய முடியாது. மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலே வாயு வேறு வழியாக வெளியேறிவிடும். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வாங்கி, தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து பாருங்கள் (தண்ணீர் 1.000; சர்க்கரை கரைந்திருந்தால் எண் கூடும்). 1.042-இல் தொடங்கி 1.010-க்கு இறங்கி, இரண்டு நாள் இடைவெளியில் அளந்தாலும் அதே எண்ணைக் காட்டினால் முடிந்துவிட்டது என்று பொருள். இரண்டு எண்களின் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் விழுக்காடும் கிடைக்கும். இந்தக் கணக்கில் அது ஏறத்தாழ 4.2. எண் நிலைத்த பிறகும் சில நாட்கள் விட்டுவைத்து, மொத்தம் இரண்டு வாரம் கழித்து அடைப்பதே நல்லது.

பீர் தண்ணீராக இருப்பதற்கு அந்த ஒரு கிலோ சர்க்கரைதான் காரணம். அது முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிடுவதால் நாவில் நிற்க எதுவும் மிஞ்சுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கிலோ உலர் மால்ட் தூளைச் சேர்த்தால், நொதிக்காமல் எஞ்சும் பகுதி பீருக்குத் திடத்தையும் நுரைக்கு நிலைப்பையும் தரும். (கருப்பட்டி சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி சர்க்கரையே. இனிப்பு போய்விடும், லேசான கருகல் மணம் மட்டும் தங்கும். முதலில் சாதாரண பீரைச் சரியாக எடுத்துவிட்டு அந்த ஆசைக்கு வரலாம்.)

டின்னின் மூடிக்கு அடியில் இருக்கும் சிறு ஈஸ்ட் பொட்டலத்துக்குப் பதிலாக சாஃப்ஏல் யுஎஸ்-05 போன்ற 11.5 கிராம் பொட்டலம் ஒன்றைத் தூவினால் நொதித்தல் தெம்பாகத் தொடங்கும். பாத்திரங்களை முதலில் அழுக்கு நீங்கக் கழுவி, அதன் பிறகு அலச வேண்டாத அமிலக் கிருமிநீக்கியில் நனைத்தெடுங்கள். பிளீச்சிங் திரவம் வேண்டாம்; அதன் குளோரின் மிச்சம் பீருக்கு மருந்து வாடையைக் கொடுத்துவிடும்.

கேள்வி: சலவை அறையில் வைத்திருந்த பாட்டில்கள் வெடித்துவிட்டன. வாயு சேர்வதற்காகப் பாட்டிலில் போடும் சர்க்கரையைத் தேக்கரண்டியால்தான் அளந்து போட்டேன். — சிட்னி வாசகர்

பதில்: நொதித்தல் முடியுமுன் அடைத்திருக்கலாம், சர்க்கரை கூடியிருக்கலாம், அல்லது சுத்தக் குறைவால் வேறு நுண்ணுயிர் புகுந்திருக்கலாம். தேக்கரண்டி அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். லிட்டருக்கு 8 கிராம் என்பது பொதுவான அளவு. 750 மில்லி பாட்டிலுக்கு 6 கிராம். இன்னும் சீராக இருக்க வேண்டுமானால், 23 லிட்டருக்கு உரிய 180 கிராமையும் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, சுத்தமான இரண்டாவது வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியாகச் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். இந்தக் கட்டத்தில் காற்று கலந்தால் நாளடைவில் நனைந்த அட்டையின் வாடை வந்துவிடும்.

தொடக்கத்தில் பிளாஸ்டிக் பீர் பாட்டில்களையே பயன்படுத்துங்கள்; விரலால் அழுத்திப் பார்த்தே உள்ளே வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒயின் பாட்டில்கள் இந்த அழுத்தத்தைத் தாங்க மாட்டா. வெடிக்காமல் எஞ்சியிருப்பவற்றைக் கையுறையும் கண்ணாடியும் அணிந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். குளிரில் ஈஸ்ட்டின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும்.

கேள்வி: கசப்பு சரியாக இருக்கிறது, கடை பீரில் வரும் பழ மணம் மட்டும் வருவதில்லை. — லண்டன் வாசகர்

பதில்: ஹாப்ஸின் கசப்பு கொதியில் தங்கும், மணம் ஆவியாகிவிடும், வற்றச்செய்த டின்னில் மணத்தை எதிர்பார்க்க முடியாது. பாட்டிலில் அடைப்பதற்கு மூன்று நாள் முன்னர் கேஸ்கேட் அல்லது கேலக்ஸி ஹாப்ஸ் வில்லைகள் 40 கிராமை அப்படியே வாளியில் போட்டுவிடுங்கள். கேஸ்கேட் எலுமிச்சை இனத்தின் மணத்தையும், ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி பேஷன் பழத்தின் மணத்தையும் தரும். மணம் சேர்ந்த பீரை நிறமற்ற பாட்டிலில் வெயிலில் வைத்துவிடாதீர்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டுச் சிதைந்து துர்நாற்றமாக மாறும். பழுப்பு பாட்டிலே பாதுகாப்பு.

கேள்வி: ஊருக்குப் போகும்போது கோவையில் இருக்கும் தம்பிக்கு ஒரு டின் கொண்டுபோகலாமா? — பெர்த் வாசகர்

பதில்: டின்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் அவர் அதைப் பயன்படுத்த முடியாது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்கென்று தனி விலக்கு கிடையாது. நீங்கள் ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. அங்கும் சாராயம் வடிப்பதற்கு உரிமம் வேண்டும்.