புரோகேரியோட்டிக் செல்லுக்கும் யூகேரியோட்டிக் செல்லுக்கும் உட்கருவைத் தவிர என்ன வேறுபாடு? அதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு உயிரியல் சொல்லித்தருகிறேன். கேள்வியின் இரண்டாவது பாதியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கண்ணால் பார்த்துவிடலாம். சுத்தமான பல்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு, நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். தட்டையான, அகலமான கன்னச் செல் தெரியும். நடுவில் கருநீலமாக உட்கரு. பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், செல்லின் மேல் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவை நம் வாயில் வாழும் பாக்டீரியாக்கள். கன்னச் செல் சுமார் 50 மைக்ரோமீட்டர் அகலம் என்றால், அந்தப் புள்ளி ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர்தான். உட்கரு உள்ள கன்னச் செல் யூகேரியோட்டிக், உட்கரு இல்லாத பாக்டீரியா புரோகேரியோட்டிக். இரண்டு வகைச் செல்லையும் ஒரே இடத்தில் பார்த்தாயிற்று.

சரி, அவ்வளவு சின்ன செல்லுக்குள் என்ன இருக்கிறது? நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். நீளம் 2 மைக்ரோமீட்டர். அதன் டிஎன்ஏ ஒரே வட்டம், சுமார் 46 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள்). நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அத்தனையும் சுருண்டு மடங்கி, நியூக்ளியாய்டு என்ற பகுதியில் கிடக்கிறது. சுற்றிச் சவ்வு கிடையாது. இதனால் ஒரு பெரிய விளைவு உண்டு. மரபணுவின் நகலான தூது ஆர்என்ஏ இன்னும் எழுதி முடியவில்லை, அதற்குள் அதன் முன்முனையில் புரதம் கட்டும் துகள்களான ரைபோசோம்கள் வரிசையாக ஏறிப் புரதம் கட்ட ஆரம்பித்துவிடும். நம் செல்லில் அது நடக்காது. உட்கருவுக்குள் நகல் எடுத்து, இன்ட்ரான் என்ற தேவையில்லாத துண்டுகளை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டி, உட்கருத் துளை வழியே வெளியே அனுப்பிய பிறகுதான் ரைபோசோமின் வேலை தொடங்கும். ஒரே மரபணுவின் நகலைப் பல விதமாக வெட்டி ஒட்டிப் பல புரதங்கள் செய்ய நமக்கு இந்த இடைவெளி உதவுகிறது. என்னைக் கேட்டால் வேறுபாட்டு அட்டவணையின் முதல் வரியில் இதைத்தான் எழுதுவேன்.

அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டில் கிடைத்து 2022இல் விவரிக்கப்பட்ட தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா என்ற பாக்டீரியா 1 சென்டிமீட்டர் நீளம் வளரும். வெறும் கண்ணுக்கே தெரியும். அதன் டிஎன்ஏ சவ்வுப் பைகளுக்குள் கூட இருக்கிறது. ஆனால் அந்தப் பைகளுக்குள்ளேயே ரைபோசோம்களும் இருக்கின்றன. நம் உட்கருவைப் போல நகலெடுப்பதையும் புரதம் கட்டுவதையும் அது பிரித்து வைப்பதில்லை.

மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாச வலைப்பின்னல், கோல்கை, லைசோசோம் போன்ற சவ்வு சூழ்ந்த உள்ளுறுப்புகள் எல்லாம் யூகேரியோட்டிக் செல்லில்தான் என்பது உங்களுக்கே தெரியும். செல்சுவர் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. “புரோகேரியோட்டில் உண்டு, யூகேரியோட்டில் இல்லை” என்று எழுதினால் தவறு. தாவரத்துக்கும் பூஞ்சைக்கும் சுவர் உண்டு. பொருள்தான் வேறு: தாவரத்தில் செல்லுலோஸ், பூஞ்சையில் கைட்டின், பாக்டீரியாவில் பெப்டிடோகிளைக்கான். பென்சிலின் குறிவைப்பது இந்தப் பெப்டிடோகிளைக்கான் கட்டப்படுவதைத்தான். நம் செல்லில் அது இல்லாததால் மருந்து நம்மை விட்டுவிடுகிறது. படர்தாமரைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வேலை செய்யாததும் இதனால்தான். பூஞ்சையும் நம்மைப் போல யூகேரியோட், அதற்கு வேறு மருந்து வேண்டும்.

அப்புறம் ரைபோசோம். பாக்டீரியாவில் 70எஸ், நம் செல்லில் 80எஸ் (எஸ் என்பது வேகமாகச் சுழற்றும்போது துகள் படியும் வேகத்தின் அலகு). இரண்டு மதிப்பெண்ணுக்காக எல்லோரும் மனப்பாடம் செய்யும் வரி இது. டெட்ராசைக்ளின், அசித்ரோமைசின், காசநோய்க்குத் தரப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் 70எஸ் ரைபோசோமைப் பிடித்து நிறுத்துகின்றன. 80எஸ்ஸில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. இந்தச் சின்ன வித்தியாசம் காசநோயாளிகள் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது.

ஆனால் நம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பவை பாக்டீரியா வகை ரைபோசோம்கள். அதற்குச் சொந்தமாக 16,569 இணைகள் கொண்ட வட்ட டிஎன்ஏவும் உண்டு. ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவே வேறொரு செல்லுக்குள் தங்கி மைட்டோகாண்ட்ரியாவாக மாறியது என்று லின் மார்குலிஸ் 1967இல் வாதிட்டார். இன்று அதுவே ஏற்கப்பட்ட கருத்து. சிலருக்கு அந்த வட்டத்தின் 1555ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த ஒரு மாற்றத்தால் அவர்களுடைய மைட்டோகாண்ட்ரிய ரைபோசோம் பாக்டீரியாவுடையதை இன்னும் நெருங்கிவிடுகிறது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் போட்டால் அவர்களுக்குக் காது நிரந்தரமாகக் கேட்காமல் போகலாம். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருவதால் இந்த மாற்றமும் தாய்வழியில்தான் வரும். அம்மா, அம்மாவின் உடன்பிறந்தவர்கள், பாட்டி என்று யாருக்காவது இப்படி ஊசிக்குப் பிறகு காது போயிருந்தால், அந்த வகை ஊசி போடும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.