‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்ற பதிலுக்கு அப்பால்: கள ஆய்வு கேள்வி–பதில்

குழு லோன் வாங்கிய பெண்களை நேர்காணல் செய்து வருகிறேன். 20 கேள்விகள் வைத்திருந்தும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. எதைக் கேட்டாலும் ‘ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்கிறார்கள். என்ன செய்வது?
— முனைவர் பட்ட மாணவி, விழுப்புரம்

முதலில், அவர்கள் உங்களை யார் என்று நினைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கையில் ஃபைலோடு தெருவுக்குள் வருபவர் ஒன்று லோன் கம்பெனி ஆளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ திட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்தவராக இருக்க வேண்டும். லோன் ஆள் என்று நினைத்தால் டியூ ஒழுங்காகக் கட்டுவதாகச் சொல்வார்கள். திட்டம் என்று நினைத்தால் கஷ்டத்தைக் கூட்டிச் சொல்வார்கள். அதனால் வசூலுக்கு வருபவர் அறிமுகத்தோடு எந்த வீட்டுக்குள்ளும் நுழையாதீர்கள். முதல் முறை போகும்போது கேள்வியே வேண்டாம். யார் நீங்கள், எதற்குப் படிக்கிறீர்கள், இதனால் அவர்களுக்கு லோனோ உதவித்தொகையோ கிடைக்காது, பேசாவிட்டாலும் எதுவும் போகாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது கேள்விகள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 20 கேள்விகள் அதிகம். 8 போதும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று துணைக் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘கடன் சுமை அதிகமா இருக்கா?’ என்றால் ஆமாம், இல்லை என்ற பதிலோடு கதவு மூடிவிடும். போதாததற்கு ‘சுமை’ என்ற முடிவையும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். ‘போன வாரம் கட்டின டியூவுக்குப் பணம் எப்படிப் புரட்டினீங்க? முதல்ல இருந்து சொல்லுங்களேன்’ என்று கேளுங்கள். அண்டை வீட்டில் வாங்கியது, தோட்டை அடகு வைத்தது, மளிகைக் கடையில் பாக்கி சொன்னது எல்லாம் வரிசையாக வரும். கருத்தைக் கேட்டால் பொதுப்படையான பதில்தான் வரும். கடைசியாக நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்டால் விவரம் வரும்.

‘ஏன்’ என்ற சொல்லைக் கூடுமானவரை தவிருங்கள். ‘ஏன் ரெண்டாவது லோன் எடுத்தீங்க?’ என்பது விசாரணை போலக் காதில் விழும்; கேட்கப்பட்டவர் நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார். ‘ரெண்டாவது லோன் எடுக்கும்படி எப்படி ஆச்சு?’ என்றால் நடந்தது வரும். பதில் நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகுதான் பலர் முக்கியமானதைச் சொல்கிறார்கள்.

எளிதானவை முதலில், பணமும் குடும்பச் சண்டையும் பாதிக்கு மேல், இறுதியில் ‘நான் கேக்காம விட்டது ஏதாச்சும் இருக்காக்கா?’ என்ற வரிசை நன்றாக வேலை செய்யும். இரண்டு பேரிடம் ஒத்திகை பார்த்து, எந்தக் கேள்வி ஒற்றை வரிப் பதிலோடு நிற்கிறதோ அதை மாற்றிவிட்டுக் களத்தில் இறங்குங்கள்.

மகளிர் சுய உதவிக் குழுவில் குழு விவாதம் நடத்தினேன். 14 பேர் வந்தார்கள். ஊக்குநர் அம்மா ஒருவரே பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவரைப் பேசாமல் இருக்கச் சொல்வது எப்படி?
— சமூகப்பணி மாணவர், திண்டுக்கல்

அந்த இடத்தில் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்ல முடியாது. சொன்னால் மற்றவர்கள் இன்னும் ஒடுங்கிவிடுவார்கள். தவறு ஆள் சேர்த்தபோதே நடந்துவிட்டது. அடுத்த லோனுக்கு யார் பெயர் போகும் என்பதில் செல்வாக்குள்ளவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எந்த உறுப்பினரும் மாறுபட்டுப் பேச மாட்டார். ஊக்குநரையும் பிரதிநிதியையும் தனியாக நேர்காணல் செய்யுங்கள். விவாதத்துக்கு வெவ்வேறு குழுக்களிலிருந்து சாதாரண உறுப்பினர்களைச் சேருங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் வேண்டாம். நிலம் உள்ளவர்களையும் அவர்கள் வயலில் கூலிக்குப் போகிறவர்களையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். சாதி விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். இடமும் அப்படித்தான்: எல்லோரும் தயங்காமல் நுழைந்து உட்காரக்கூடிய இடமா என்று முன்பே விசாரியுங்கள். கோயில் மண்டபமும் ஊக்குநர் வீட்டுத் திண்ணையும் பல ஊர்களில் அப்படிப்பட்டவை அல்ல.

எண்ணிக்கை 6 முதல் 8 வரை. சிலர் வராமல் போவார்கள் என்பதால் 9, 10 பேரை அழைக்கலாம். 90 நிமிடம், 6 கேள்வி, 8 பேர் என்றால் ஒரு கேள்விக்கு ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. 14 பேரை வைத்துக்கொண்டு 12 கேள்வி கேட்டால் அரை நிமிடம்தான். அதில் தலையாட்டத்தான் முடியும்.

இவ்வளவு செய்தும் ஒருவர் வாய் ஓயாமல் பேசினால், அவரை உங்களுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் கண்ணைச் சந்திப்பது தானாகக் குறையும். கூச்சப்படுபவரை நேர் எதிரில் உட்கார வையுங்கள். ‘அக்கா சொன்னது புரிஞ்சுது. இதுலேருந்து வேற மாதிரி நடந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?’ என்று கேட்டால், மாறுபடுவதற்கு நீங்களே அனுமதி கொடுத்ததாக ஆகும்.

குழு விவாதம் என்ற இந்த முறையின் வேர் 1941-இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர்கள் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ராபர்ட் மெர்ட்டனும் சேர்ந்து செய்த வானொலி ஆய்வில் இருக்கிறது. நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும் பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானையும் அழுத்தினார்கள். பிறகு அந்தந்த இடத்தில் என்ன தோன்றியது என்று குழுவாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருள் நடுவில் இருந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. நீங்களும் அப்படி ஒன்றை வைக்கலாம்: பெயர் அழித்த ஒரு தவணை அட்டை, அல்லது ‘ஒரு பெண் இந்த வாரம் டியூ கட்ட முடியாமல் கூட்டத்துக்கு வருகிறாள், என்ன நடக்கும்?’ என்ற சிறு கற்பனைச் சூழல். தன் கதையாகச் சொல்லத் தயங்குவதை அந்தப் பெண்ணின் கதையாகச் சொல்வார்கள்.

குழுவில் கிடைப்பது ஊருக்குள் எது சரி, எது அசிங்கம் என்ற பொதுப் பேச்சும் அதன் மீதான சண்டையும். கணவர் அடிப்பது, தவணை தவறியது போன்றவற்றைக் குழுவில் கேட்கவே கூடாது. அதற்குத் தனி நேர்காணல்தான்.

எத்தனை நேர்காணல் செய்தால் போதும்? நெறியாளர் 50 என்கிறார்.
— ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

புதிய விஷயம் வருவது நிற்கும் வரை. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களின் நேர்காணல்களை வைத்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன. ஆனால் அவர்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்கள், கேள்வியும் குறுகியது. 12 என்பதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து பேர் முடிந்ததும் ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு நேர்காணலிலும் புதிதாக வந்தவற்றை எண்ணி வாருங்கள். தொடர்ந்து மூன்றில் புதிதாக ஒன்றும் வராதபோது அந்த அட்டவணையை நெறியாளரிடம் காட்டிப் பேசலாம்.

ஒலிப்பதிவு பாதியில் நின்றுவிடுகிறது; கேட்டாலும் யார் பேசியது என்று தெரிவதில்லை.
— வாசகி, தஞ்சாவூர்

போனில் பதிவு செய்தால் ஃபிளைட் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். இரண்டு கருவிகள் ஓடட்டும். மேசை அதிர்வு ஏறாமல் இருக்க மடித்த துண்டின் மேல் வையுங்கள். தலைக்கு மேல் ஓடும் ஃபேனுக்கு நேர்கீழே வேண்டாம். குழு விவாதத்துக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் நடத்தட்டும். மற்றவர் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் படமாக வரைந்து எண் கொடுத்து, ஒவ்வொருவர் பேசத் தொடங்கும்போதும் அவரது எண்ணையும் முதல் இரண்டு சொற்களையும் எழுதட்டும். பிறகு ஒலியோடு பொருத்திவிடலாம். ஒரு மணி நேரப் பதிவை எழுத நான்கிலிருந்து ஆறு மணி நேரமாவது ஆகும். குழு என்றால் இன்னும் கூடும். தமிழிலேயே எழுதி, தமிழிலேயே வகைப்படுத்துங்கள். ஆய்வேட்டுக்குத் தேவையான மேற்கோளை மட்டும் கடைசியில் ஆங்கிலமாக்குங்கள்.

கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் சம்மதப் படிவம் எப்படி வாங்குவது?
— வாசகர், நாகர்கோவில்

படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள், பிறகு கைநாட்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், படிக்கத் தெரியாதவர் சம்மதம் தரும்போது ஆய்வோடு தொடர்பில்லாத, எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும் என்கின்றன. ஒலிப்பதிவுக்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள். குழு விவாதத்தில் ‘நீங்கள் சொல்வது வெளியே போகாது’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் வாயை நீங்கள் கட்டலாம், மற்ற ஏழு பேர் வாயை உங்களால் கட்ட முடியாது. அதைத் தொடக்கத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.