முண்டு மிளகாயும் தக்காளியும் ஒரே குடும்பமா?

கேள்வி: மிளகாயும் தக்காளியும் உறவு என்கிறார்களே, பிறகு தக்காளி ஏன் காரமில்லை? மரபணுத்தொகுதிகளை எப்படி ஒப்பிடுகிறார்கள்? (வாசகர், திருப்புல்லாணி)

பதில்: உறவுதான். இரண்டிலும் 12 ஜோடி குரோமோசோம்கள். மரபணுக்களும் தலா 35,000 அளவில். ஆனால் தக்காளியின் மொத்த டிஎன்ஏ எழுத்துகள் (அதாவது டிஎன்ஏ இழையின் வேதி அலகுகள்) சுமார் 90 கோடி, மிளகாயுடையது சுமார் 350 கோடி! கூடுதலாக இருப்பதில் பெரும்பகுதி, தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகிய துணுக்குகள். ஒப்பிடும்முன் இவற்றைக் கணினியில் மறைத்துவிட வேண்டும். மறந்தால் ஒரே துணுக்கு நூறு இடங்களில் பொருந்தி, இல்லாத உறவெல்லாம் இருப்பதாகக் காட்டும்.

மறைத்தபின் மரபணுக்களின் வரிசையை ஒப்பிட்டால், எந்தத் துண்டு இடம் மாறியது, எது தலைகீழானது என்று தெரியும்.

உங்கள் முண்டு மிளகாயைப் பிளந்து பாருங்கள்: விதை ஒட்டியிருக்கும் வெளிர் சதையில்தான் காரம் உருவாகிறது. அதற்கான மரபணுக்களை ஒத்தவை தக்காளியிலும் உண்டு. பழத்தில் அவை அதே வேலையைச் செய்வதில்லை. காரமற்ற குடைமிளகாய் பலவற்றில் காரத்துக்குத் தேவையான பன்1 (Pun1) என்ற மரபணுவின் தொடக்கத்தில் சுமார் 2,500 எழுத்துகளே காணோம்.

இப்படி ஒப்பிட டிஎன்ஏ எடுப்பதற்கு, மாதிரியாக இளந்தளிர்தான் நல்லது. நீளமான டிஎன்ஏ தேவையென்றால் பறித்ததும் திரவ நைட்ரஜனில் உறையவையுங்கள். நம் வெயிலில் வாடவிட்டால் இழை துண்டு துண்டாகிவிடும். சிலிக்கா ஜெல்லில் உலர்த்திய இலை டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாக வாசிக்கும் முறைக்குப் போதும்.