கட்டிப் பார்ப்போம்: லெகோ கேள்வி பதில்

நவராத்திரிக்கு என் வீட்டுக் கொலுவில் வைத்த லெகோ (ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கற்கள்) கோபுரத்தின் படம் இந்த இதழில் வந்ததும் வந்தது, கடிதங்கள் ஒரு துணிப்பை நிறையச் சேர்ந்துவிட்டன. பாதிப் பேர் 'எங்கே வாங்கினீர்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கவில்லை, கட்டினேன். எனக்கு வயது 61. அரசு அலுவலகத்தில் டிராயிங் பிராஞ்சில் 31 வருடம் கோடு போட்டுவிட்டு ஓய்வு பெற்றவள். லெகோவைக் கையில் எடுத்தது 49 வயதில். மகன் விடுதிக்குப் போன பிறகு, கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது அகப்பட்ட ஒரு பழைய டப்பாவில் ஆரம்பித்தது.

எனக்கு 34 வயது, ஐ.டி. வேலை. மாதம் ஒரு லெகோ பெட்டி வாங்குகிறேன். 'இந்த வயசுல பொம்மையா?' என்று மாமியார் எல்லார் முன்னாலும் கேட்கிறார். என்ன பதில் சொல்ல? (ஆர்.எஸ்., கோவை)

பெட்டியின் மூலையைக் காட்டுங்கள். 2020 முதல் பெரியவர்களுக்கான செட்டுகள் கறுப்புப் பெட்டியில், 18+ என்று போட்டே வருகின்றன. டைட்டானிக் கப்பல் செட்டில் 9,090 துண்டுகள். கட்டி முடித்தால் 135 செ.மீ. நீளம். அதைக் குழந்தை விளையாட்டு என்பவர், முதல் 100 துண்டைக் கட்டிக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

என் நாத்தனாரும் கேட்டார். "ரிட்டயர் ஆனா கோயில் குளம்னு போவாங்க, நீ என்ன அண்ணி இப்படி?" என்றார். நானும் கோயிலில்தான் இருக்கிறேன், மூணாவது நிலை ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன்.

ஆனால் மாதம் ஒரு பெட்டி என்கிறீர்களே, அங்கே நான் உங்கள் மாமியார் கட்சி. அவர் கேட்பது பொம்மையைப் பற்றியா, பில்லைப் பற்றியா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். என் வீட்டில் ஒன்றைக் கட்டி, ஒரு மாதம் பார்த்து, பிரித்து, அதே துண்டுகளில் வேறொன்று கட்டிய பிறகுதான் அடுத்த பெட்டி.

ஆறு லெகோ கல்லை வைத்து 91 கோடி விதமாக அடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கணக்கு ஆசிரியரான எனக்கே நம்பிக்கை வரவில்லை. (கே.எம்., விருதுநகர்)

நம்புங்கள் சார். மேலே எட்டுக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும் கல், அதாவது 2×4, ஒரே நிறத்தில் ஆறு. அவற்றை ஒன்றோடொன்று பொருத்த 91,51,03,765 வழிகள் உண்டு. பல வருடங்களாக லெகோ கம்பெனியே 10,29,81,500 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அது ஆறு கல்லும் ஒன்றன் மேல் ஒன்றாக ஆறடுக்குக் கோபுரமாய் நிற்கும் வகைகள் மட்டும். அடுக்கு குறைந்து அகலமாகப் பரவும் வகைகளைச் சேர்க்கவில்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ்தான் கணினியில் ஒவ்வொன்றாக எண்ண வைத்து முழு எண்ணைக் கண்டுபிடித்தார். வகுப்பில் செய்து காட்டுவதென்றால் இரண்டு கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள், 24 வழி. மூன்றாவதை எடுத்தால் 1,060. மணி அடித்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் கட்ட ஆசை. இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் மாடிப்படி மாதிரி வந்துவிட்டது. அந்தச் சரிவு வரவே மாட்டேன் என்கிறது. (எஸ்.ஜே., தஞ்சாவூர்)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் பேனாவை வைத்துவிட்டு ஸ்கேலைத் தேடினேன். எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

முதலில் அளவு. விமானம் சுமார் 66 மீட்டர் உயரம், அடிப்பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர் சதுரம். 150-ல் ஒரு பங்கு என்று எடுத்தால் உயரம் 44 செ.மீ., அடி 20 செ.மீ. இப்போது லெகோ கணக்குக்கு வாருங்கள். ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ., ஒரு கல்லின் உயரம் 9.6 மி.மீ. ஆகவே அடிப்பக்கம் 25 குமிழ், உயரம் 46 கல்.

25 ஒற்றைப்படை என்று பயப்படாதீர்கள், அது நல்லதுக்குத்தான். நட்ட நடுவில் ஒரு குமிழ் வரும். வாசலும் மாடமும் அந்த நடுக்கோட்டில் உட்காரும். 24 வைத்திருந்தால் நடுக்கோடு இரண்டு குமிழுக்கு இடையில் போய் விழுந்திருக்கும்.

அடுத்தது சரிவு. உச்சிக்குக் கீழே 9 குமிழாகச் சுருங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 25-ல் 9 போனால் 16. ஒரு பக்கத்துக்கு 8 குமிழ், அதாவது 64 மி.மீ. இதை 12 அடுக்கில் (இங்கே அடுக்கு என்பது ஒரு கல் வரிசை அல்ல, பல கல் உயரமுள்ள ஒரு தளம்) கழிக்க வேண்டும். ஒரு அடுக்குக்கு 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. நீங்கள் அடுக்குக்கு ஒரு முழுக் குமிழ் உள்ளே தள்ளியிருப்பீர்கள், 8 மி.மீ. அதனால்தான் சீக்கிரம் சுருங்கி மாடிப்படி ஆகிவிட்டது. 'ஜம்பர் பிளேட்' என்று ஒரு துண்டு உண்டு. இரண்டு குமிழ் நீளம், ஆனால் நடுவில் ஒரே ஒரு குமிழ். அதன் மேல் வைத்தால் கல் அரைக் குமிழ், 4 மி.மீ. நகர்ந்து உட்காரும். எட்டு அடுக்கை அரைக் குமிழாகவும் நான்கு அடுக்கை முழுக் குமிழாகவும் உள்ளே தள்ளுங்கள். 32-ம் 32-ம் 64. முழுக் குமிழ் அடுக்குகளை ஒரே இடத்தில் குவிக்காமல், இரண்டு அரைக்கு ஒரு முழு என்று கலந்து போடுங்கள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் கோடு போட்ட மாதிரி ஏறும்.

இனி கூடுகள் என்கிற வளைவு அலங்காரங்களும் சிற்பமும். கல்லைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒட்டும் முறைக்கு எங்கள் ஆட்கள் 'ஸ்னாட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரே ஒரு சூத்திரம் போதும். பிளேட் என்கிற மெல்லிய துண்டின் கனம் 3.2 மி.மீ. ஐந்து பிளேட் சேர்ந்தால் 16. இரண்டு குமிழும் 16. படுக்கவைத்த ஐந்து பிளேட், நிற்கும் இரண்டு குமிழ் இடைவெளியில் கச்சிதமாக நுழையும். இதை நான் முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த ராத்திரி மணி பன்னிரண்டரை. எழுப்பிச் சொல்லலாம் என்றால் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே நிரப்பாதீர்கள். மயிலாப்பூர் கோபுரத்தை 100-ல் ஒரு பங்காக, 37 செ.மீ. உயரத்தில் கட்டியபோது நான் செய்த முட்டாள்தனம் அது. அடி முதல் நுனி வரை கல்லால் நிரப்பினேன். கையிருப்பு நாலாவது நிலையிலேயே தீர்ந்துவிட்டது, கொலுப்படியும் கனத்தில் தொய்ந்தது. அசல் தஞ்சை விமானமே உள்ளே கூடுதானே. 1010-ல் ராஜராஜன் செய்ததை நாமும் செய்வோம். நாலு மூலைக்கு நாலு தூண், இடையிடையே நீளக் கற்களால் குறுக்குக் கட்டு, போதும்.

நிறம், சந்தன நிறமும் அதைவிட ஒரு படி கறுத்ததும். முதலில் 'ஸ்டுடியோ' என்ற இலவச மென்பொருளில் வரைந்துவிடுங்கள். எத்தனை துண்டு வேண்டும் என்று அதுவே பட்டியல் தரும். ஏப்ரலில் ஆரம்பித்தால் கொலுவுக்கு முடியும்.

பல்லால் கடித்துப் பிரிக்கிறேன். ஆபத்தா? (பெயர் வேண்டாம், திருச்சி)

கல்லுக்கா, பல்லுக்கா? பெரிய செட்டுகளில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கரண்டி மாதிரி வருகிறதே, அது பிரிப்பதற்குத்தான். என்னவென்று தெரியாமல் நான் இரண்டு வருடம் அதைப் பூந்தொட்டியில் மண் கிளறப் பயன்படுத்தினேன்.

விலை கட்டுப்படியாகவில்லை. அதே மாதிரி வேறு கம்பெனிக் கற்கள் கால் விலைக்குக் கிடைக்கின்றன. அது திருட்டா? என் மகன் வாங்கக் கூடாது என்கிறான். (வி.எல்., சேலம்)

விலை ஏறியதற்கு ஒரு காரணம் வரி. இறக்குமதிப் பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்த சுங்க வரியை 2020 பட்ஜெட்டில் 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. நடுவில், 2021 ஜனவரி முதல், பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமானது. வெளிநாட்டிலிருந்து ஒரு பொட்டலம் உதிரித் துண்டுகள் வரவழைத்தேன். துண்டுகளின் விலையைவிட வரியும் கூரியர் கட்டணமும் அதிகம். வீட்டில் அந்த ரசீதை இன்னும் காட்டவில்லை.

இப்போது திருட்டு விஷயம். உங்கள் மகன் கொஞ்சம் சரித்திரம் படிக்கட்டும். டென்மார்க்கில் பிலுண்ட் என்ற சின்ன ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். நன்றாக விளையாடு என்ற பொருளில் 'லைக் கொட்' என்று டேனிஷில் சொல்வதைச் சுருக்கி, 1934-ல் லெகோ என்று பெயர் வைத்தார். 1949-ல் அவர்கள் விற்ற முதல் பிளாஸ்டிக் கல், இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் செய்த கிடிகிராஃப்ட் கல்லைப் பார்த்துச் செய்ததுதான். அதைக் கம்பெனியே பிற்பாடு மறைக்கவில்லை. ஆனால் பேஜின் கல் மேலே வைத்தால் உட்காரும், இறுகப் பிடிக்காது. உள்ளே குழாய்களை வைத்து, குமிழைக் கவ்விப் பிடிக்கச் செய்து, 1958 ஜனவரி 28 அன்று ஓலேயின் மகன் கொட்ஃபிரட் காப்புரிமை கேட்டார். கல்லின் உயிரே அந்தக் குழாய்தான். 58-ல் வார்த்த கல் இன்றைய கல்லோடு பொருந்தும்.

அந்தக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கல்லின் உருவத்தையே வணிகமுத்திரையாக வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார்கள். 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. ஆகவே குமிழ் வைத்த கல்லை யார் வேண்டுமானாலும் செய்யலாம், திருட்டு இல்லை. லெகோவின் செட்டை அப்படியே நகலெடுத்து, பெட்டிப் படத்தையும் சுட்டுப் போடுகிறார்களே, அது வேறு கதை. அதை வாங்காதீர்கள்.

தரம்? என்னிடம் இரண்டும் உண்டு. கோபுரத்தின் உள்தூண்களில் மலிவுக் கற்கள்தான். வெளியில் தெரியும் இடத்திலும், 40 கல் அடுக்கும் இடத்திலும் போட மாட்டேன். ஒவ்வொன்றிலும் தலைமயிர் அளவு பிசகு இருந்தால், நாற்பதாவது அடுக்கில் கோபுரம் தெற்கே பார்க்கும்.

நிறவாரியாகப் பிரித்து வைப்பதா, வடிவவாரியாகவா? (டி.பி., நாகர்கோவில்)

வடிவவாரியாக. சிவப்புக் குவியலுக்குள் ஒரு சின்ன சிவப்புத் துண்டைத் தேடிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். ஒரே வடிவக் குவியலில் நிறம் தானாகக் கண்ணில் படும். பொடித் துண்டுகளுக்கு அஞ்சறைப்பெட்டியை மிஞ்ச ஒன்றும் கிடையாது. என்னிடம் நான்கு இருக்கின்றன. ஒரு முறை அவசரத்தில் திறந்து, ரசத்துக்குத் தாளிக்கக் கறுப்பு உருண்டைத் துண்டுகளை அள்ளிவிட்டேன். நல்ல வேளை, எண்ணெயில் போடும் முன் கடுகு இத்தனை பெரிதா என்று கண்ணுக்குப் பட்டது.

கட்டி முடித்ததைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். தாளிப்புப் புகையும் தூசியும் சேர்ந்தால் பிசுக்கு. மற்ற இடத்தில் வாரம் ஒரு முறை மேக்கப் பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

பழைய வெள்ளைக் கற்கள் மஞ்சளாகிவிட்டன. மொட்டைமாடியில் காயவைத்தால் வெளுக்குமா? (எம்.ஏ., வேலூர்)

வேலூர் வெயிலிலா! மஞ்சளாக்கியதே வெயில்தான். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும் என்பது உண்மை. சில வருடத்தில் மறுபடி மஞ்சள் ஏறும், கல்லும் நொறுங்கக்கூடும். என் கற்களை அப்படியே விட்டுவிட்டேன், பழைய சுண்ணாம்புச் சுவருக்கு நல்ல நிறம். அழுக்கென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். நான் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். அடித்தட்டு அப்பளமாய் வளைந்தது.

பெட்டி திறக்காமல் வைத்திருந்தால் தங்கம் மாதிரி விலை ஏறும் என்கிறார்களே? (ஜி.ஆர்., சென்னை)

தாஜ்மகால் செட் 2008-ல் வந்தது, 5,922 துண்டுகள். நிறுத்திய பிறகு பழைய பெட்டி பல மடங்கு விலைக்குப் போனது. 2017-ல் அதையே மறுபடி வெளியிட்டார்கள், ஒரே ஒரு துண்டு கூடுதல். பரணில் பெட்டி அடுக்கி வைத்திருந்தவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தங்கம் வேண்டுமென்றால் தங்கமே வாங்குங்கள் சார்.

ஆறாம் வகுப்புப் படிக்கிறேன். அப்பா ஒரு பெரிய கப்பல் செட் வாங்கினார். எனக்குத்தான் வாங்கியதாக அம்மாவிடம் சொன்னார். ஆனால் தொடவே விட மாட்டேன் என்கிறார். பெயர் போடாதீங்க ஆன்ட்டி. (மதுரை)

பெயர் போடவில்லை கண்ணா. ஆனால் உங்கள் அம்மாவும் இந்த இதழைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு இரண்டு வார்த்தை: துண்டுகள் எண் போட்ட பைகளில்தானே வருகின்றன? ஒற்றைப்படைப் பை பிள்ளைக்கு, இரட்டைப்படை உங்களுக்கு. முதல் பை ஒன்றாம் எண் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அப்புறம், ஒவ்வொரு பையிலும் கடைசியில் சில பொடித் துண்டுகள் மிஞ்சும். அவை யாருக்கு என்று பெட்டியைப் பிரிக்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மகன் லீவுக்கு வந்தால் சண்டை அதற்குத்தான்.